பீப்பாய்த் தண்ணீர்

முழங்கையை விட்டுப் பார்த்தாள் அமலோற்பவம். சூடு கொஞ்சம் தூக்கல். ஒரு செம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி மறுபடியும் முழங்கையை விட்டாள். விரலை நம்பக்கூடாது, அடுப்பில் பழகிய விரலுக்கு எல்லாச் சூடும் ஒன்றுதான், முழங்கைதான் உள்ளதை உள்ளபடி சொல்லும் என்று சைகோன் பிரசவ ஆஸ்பத்திரியில் ஒரு கன்னியாஸ்திரி சொல்லிக்கொடுத்திருந்தாள். பச்சைக்குழந்தைக்குச் சொன்ன யோசனை அது. குழந்தைக்கு இப்போது முப்பது நெருங்குகிறது, இன்னும் முழங்கைதான். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சுவர்க்கம்பியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் செலீனுக்கு இடுப்புக்குக் கீழே எதுவும் உறைக்காது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினாலும் பேசிக்கொண்டே இருப்பாள், தோல் சிவந்து வெந்த பிறகுதான் பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை அப்படி ஆகியும் இருக்கிறது. முதுகெலும்பு மூடாமல், இடுப்புக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி ஒரு கட்டியோடு பிறந்தவள். வெட்டித் தைத்தார்கள். தழும்பு மட்டும் தையற்காரன் அவசரத்தில் கோணலாக அடித்த தையல் போல அப்படியே நிற்கிறது. முதல் செம்புத் தண்ணீரை அந்தத் தழும்பின்மேல்தான் ஊற்றுவது. ஏன் என்று கேட்டால் அமலோற்பவத்துக்குச் சொல்லத் தெரியாது, அங்கிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்பதால் இருக்கலாம். இன்றைக்கு ஊற்றக் கை எழவில்லை. மொண்ட செம்பு மொண்டபடி நின்றது. தண்ணீரைப் பார்த்தாள். சும்மா தண்ணீராகத்தான் இருந்தது, அடியில் செம்பின் பொட்டு தெரிந்தது. அன்றைக்கும் சும்மா தண்ணீராகத்தான் இருந்தது. அம்மா, ஆறிடும் என்றாள் செலீன். ஊற்றினாள்.

நேற்று மாலைவரை இது வெறும் குளியல். மாலையில் லூயி சவரிராயன் வந்தார். புருஷன் ஞானப்பிரகாசத்தோடு வியட்நாமின் பியன் ஹோவா விமானத்தளத்தில் ஒரே கிடங்கில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்துப் புதுச்சேரிக்காரர்கள் நாலைந்து பேர் அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்குக் கிடங்குக் கணக்குப் பார்த்தார்கள், அதில் ஒருவர். சைகோன் விழுந்ததும் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு அவர் பாரிசுப் பக்கம் போய்விட்டார், இவர்கள் புதுச்சேரிக்கே திரும்பி நெல்லித்தோப்புக்கு வந்தார்கள். தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்தவர் பழைய சிநேகிதனைப் பார்க்காமல் போகக்கூடாதென்று தேடிப் பிடித்து வந்திருந்தார். முகம், கழுத்தெல்லாம் கரும்பரு வெடித்து ஆறிய குழிகள். சர்க்கரை, அதோடு இன்னும் என்னென்னவோ. அங்கே டாக்டர்களிடம் போனால் முதல் கேள்வியே வியட்நாமில் எங்கே இருந்தாய் என்றுதானாம். காடழிக்கத் தெளித்த மருந்து இன்னும் ரத்தத்தை விட்டுப் போகவில்லையாம். சொல்லிவிட்டு ஞானப்பிரகாசத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். பிடிக்காமல் இருந்திருக்கலாம், திரும்பாமல் இருந்திருக்கலாம், அல்லது இவள் அந்த நேரம் பார்த்துக் காபி டம்ளரை எடுக்க அடுப்படிக்குப் போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே நின்றாள்.

"உன் வீட்டுக்காரன் மட்டும் அன்னிக்கு வாயைத் தொறக்கலேன்னா என் சின்னவன் இன்னிக்கு ரெண்டு கால்ல நிக்க மாட்டான் தங்கச்சி. கிடங்குக்கு வந்த கம்பெனிக் காயிதம் ஒண்ணைப் படிச்சுட்டு எங்களைத் தனியாக் கூப்பிட்டு, 'வீட்டுல இருக்கிற பீப்பாயை இன்னிக்கே தூக்கிப் போடுங்கடா, பிள்ளைத்தாச்சிப் பொம்பளை அந்தத் தண்ணியத் தொடக்கூடாது'ன்னு சொன்னான். வெளியே தெரிஞ்சா வேலை போயிடும், அப்பிடியும் சொன்னான். செலீன் அப்போ கைக்குழந்தை. உங்களுக்குத்தான் அந்தச் சேதி நேரங்கழிச்சு வந்துச்சு, என்ன செய்யிறது."

அவர் நன்றி சொல்லத்தான் வந்தார். கண் கலங்கித்தான் சொன்னார். இவளுக்குத் தெரியாதென்று அவர் கனவிலும் நினைத்திருக்க முடியாது, எந்தப் புருஷன் ஊரான் பெண்டாட்டிக்குச் சொன்னதைத் தன் பெண்டாட்டிக்குச் சொல்லாமல் இருப்பான். அமலோற்பவம் என்ன செய்தாள்? ஆமாண்ணே என்று தலையாட்டினாள். அதுதான் இப்போது, மகள் தலையில் சீயக்காய் தேய்க்கிறபோது, விரலெல்லாம் கூசுகிறது. தெரிந்தவள் மாதிரி தலையாட்டினாள். விருந்தாளி முன்னால் புருஷன் தலை குனியக்கூடாதாம். முப்பது வருஷம் ஒளித்தவரை அந்த ஒரு நிமிஷத்திலும் இவள்தான் காப்பாற்றினாள். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அது ஓடாத விசிறி. தூக்கிப் போடுங்கடா. எவ்வளவு பிரியமான 'டா'. சிநேகிதர்களைக் கூப்பிட்டு, பதறி, மூச்சு வாங்க, தூக்கிப் போடுங்கடா. அந்த வேகத்தோடு அவர் வீட்டுக்கும் வந்திருப்பார் அல்லவா. அன்றைக்கும் வந்து சோறு கேட்டிருப்பார். இவள் அந்தத் தண்ணீரில்தான் அரிசி களைந்திருப்பாள்.

கண்ணை மூடிக்கோ என்றாள், செலீன் மூடிக்கொண்டாள். நுரை காதுப்பக்கம் வழிந்தது. பீப்பாய் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது, எப்படி மறக்கும், தெருவே பார்த்ததே. விமானத்தளத்தின் வெளிவேலிக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட வீடு. தெருக்குழாயில் தண்ணீர் வரும்போது வரும், வராதபோது அடிதடி. மழைக்காலத்தில் கூரைத்தண்ணீரைப் பிடித்து வைக்கப் பாத்திரம் போதாது. ஒரு நாள் கம்பெனி வண்டியில் இரண்டு பெரிய இரும்புப் பீப்பாயோடு வந்து இறங்கினார். நடுவில் சுற்றிலும் ஆரஞ்சு வண்ணப் பட்டை. சுமங்கலிப் பெண் இடுப்பில் ஒட்டியாணம் போட்ட மாதிரி இருக்கிறது என்று இவள் சிரித்தாள், அவரும் சிரித்தார். மேஸ்திரி வெள்ளைக்காரன் சும்மாவே கொடுத்தானாம். உள்ளே என்ன இருந்தது என்று கேட்டாள். இலையை உதிர வைக்கிற மருந்து, மரத்துக்குத்தான் விஷம், மனுஷனை ஒன்றும் செய்யாது, அந்த வெள்ளைக்காரன் விரலில் தொட்டு நாக்கில் வைத்துக் காட்டினான் என்றார். அதை அவர் நம்பினார். அன்றைக்கு நம்பினார், அதில் இவளுக்குச் சந்தேகமில்லை. அடியில் கருவெல்லம் காய்ச்சினாற்போல ஒரு கசண்டு இருந்தது, மண்ணெண்ணெயும் வார்னிஷும் கலந்த வாடை. தேங்காய் நாரும் மணலும் போட்டு, உடம்பில் பாதி பீப்பாய்க்குள் போக, இவள்தான் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கொட்டிய தண்ணீர் கொல்லையில் ஓடியது. பப்பாளி முதலில் சுருண்டது. இலையெல்லாம் கோழிக்கால் மாதிரி மடங்கி, பிறகு ஒவ்வொன்றாக விழுந்து, மொட்டைத்தண்டு மட்டும் நின்றது. முருங்கைக்கிளை ஒன்றைக் காரைக்காலிலிருந்து கப்பலில் வந்த ஒருவரிடம் வாங்கி ஊன்றியிருந்தாள், அதுவும் போயிற்று. மரத்துக்குத்தானே விஷம், அதுதான் சொல்லியாகிவிட்டதே. முன்கையில் இவளுக்குக் கருங்கொப்புளம் வந்தது, வேர்க்குரு என்றார்கள். வானத்தில் விமானம் தாழ்ந்து போகும்போது கொல்லையில் துணி காய்ந்துகொண்டிருக்கும், ஓடிப்போய் எடுப்பாள், மழைத்தூறல் என்று நினைத்து. அந்த ஊரில் எது மழை, எது மழையில்லை என்று யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊரையே காக்க வந்தவர்கள் என்றுதான் பேச்சு. காட்டில் ஒளிந்திருப்பவனுக்கு நிழல் இருக்கக்கூடாதென்று காட்டையே உரித்தார்கள். உரித்துவிட்டு, மிச்சம் இருந்த பீப்பாயை வேலைக்காரனுக்குத் தானம் கொடுத்தார்கள். வேலைக்காரன் மகிழ்ந்துபோய் மனைவிக்குக் கொடுத்தான். அவள் அதைப் பிள்ளைக்குக் கொடுத்தாள். வயிற்றிலேயே கொடுத்தாள்.

முதலில் இரண்டு கலைந்தன. மூன்றாவது செலீன். ஏன் இப்படி என்று பெரிய டாக்டர் சொல்லவில்லை, மாமியார் சொன்னாள். சைகோனில் சுங்கத்தில் வேலை பார்த்த அமலோற்பவத்தின் அப்பா வீட்டில் ஒரு பழைய கதை உண்டு. கைக்குழந்தையில் இவளுக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது, பிழைத்தால் மடத்துக்கே கொடுத்துவிடுகிறேன் என்று இவள் அம்மா மாதாவிடம் நேர்ந்துகொண்டாளாம். இவள் பிழைத்தாள். மடத்துக்குப் போகவில்லை. பூசைக்குப் போன இடத்தில் பின்வரிசையில் நின்று பாடிய ஞானப்பிரகாசத்தின் குரலைக் கேட்டாள், அப்புறம் மடம் ஏது. மாதாவுக்குக் கொடுத்த பெண்ணைக் கட்டினால் மாதா சும்மா இருப்பாளா, கடனை வேறு வழியில் எடுத்துக்கொள்கிறாள் என்று மாமியார் பிரேத வீட்டில் பேசுகிற குரலில் சொன்னாள். சொல்லச் சொல்ல இவளும் நம்பினாள். நம்பாமல் எப்படி, காரணம் இல்லாத துக்கத்தைவிடக் காரணம் உள்ள துக்கத்தைத் தூக்கிச் சுமப்பது சுலபமாக இருந்தது. புதுச்சேரி வந்த பிறகு வருஷா வருஷம் வேளாங்கண்ணி. மணல்பாதையில் முழங்காலால் நடந்து போவது. மூன்றாவது வருஷத்திலேயே முட்டித்தோல் பிய்ந்து சீழ் வைத்தது, நிறுத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் அவர் கூடவே வருவார். குனிந்து, இவள் தலைக்கு வெயில் படாமல், குடை பிடித்துக்கொண்டு வருவார். பார்க்கிறவர்கள் எல்லாம் புருஷன்னா இப்பிடி இருக்கணும் என்பார்கள். குடை. தெரிந்துகொண்டே குடை. முட்டிக்கு அடியில் மணல் கொதிக்கிறது, மேலே குடை நிழல், நிழலைப் பிடித்திருக்கிற மனுஷனுக்குத் தெரியும் இவள் ஒரு பாவமும் செய்யவில்லை என்று, போதும் எழுந்திரு அமலா என்று ஒரு வார்த்தை, ஒரே வார்த்தை, அவர் காலில்கூட விழுந்திருப்பாள் அந்த வார்த்தைக்கு. அவர் குடையைக் கொஞ்சம் இந்தப்பக்கம் சாய்ப்பார், அவ்வளவுதான். கெட்டவராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். குடித்துவிட்டு வருகிறவர், கை நீட்டுகிறவர். அப்படி இருந்தால் இந்த வஞ்சகத்தையும் அதோடு சேர்த்து வைத்துவிடலாம். இவர் செலீனுக்கு நகம் வெட்டிவிடுகிறவர். சக்கரநாற்காலி இறங்கத் தெருவாசலில் சிமென்ட் சரிவு கட்டும்போது கொத்தனாரோடு தானும் மண்வெட்டி பிடித்தவர். இந்த நல்ல மனுஷனை எங்கே கொண்டுபோய் வைப்பது.

சோப்புக் கை முதுகில் இறங்கியது. தழும்பைச் சுற்றி மெதுவாகத் தேய்த்தாள். நல்ல முதுகு, அகலமான தோள், உட்கார்ந்தே வளர்ந்த உடம்பில் கைக்கும் தோளுக்கும் மட்டும் பலம் சேர்ந்திருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறாள், சாயங்காலமானால் கூடம் நிறைய செருப்பு. அந்தப் பீப்பாய் எப்போது வீட்டைவிட்டுப் போனது? நேற்று படுத்தபோதும் இதையே தேடினாள், இப்போதும் தேடுகிறாள். ஒரு மத்தியானம். செலீன் தூளியில். அவர் வேலை நேரத்தில் வீட்டுக்கு வந்தார், எப்போதும் வராதவர். பீப்பாய் இரண்டையும் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். ஐயோ, நேற்றுத்தானே பிடித்தேன் என்று இவள் கத்தினாள். துரு ஏறிவிட்டது, குடிக்கக்கூடாது என்றார். துருவா, எங்கே, நான் தேய்க்காத துருவா என்று இவள் கையை உள்ளே விட்டுத் துழாவிக் காட்டினாள், ஒரு துளி சிவப்பு இல்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் உருட்டிக்கொண்டு போனார். மறுநாள் ஒரு பெரிய சிமென்ட் தாழி வந்து இறங்கியது. இவளுக்குச் சந்தோஷம். ஆமாம், சந்தோஷம், அண்டை வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். துரு என்ற ஒரு சொல்லை அவர் எங்கே பிடித்தார்? வீட்டுக்கு வரும் வழியிலா, கிடங்கிலேயே யோசித்து வைத்துக்கொண்டா? கிடங்கில் சிநேகிதர்களுக்கு ஒரு சொல், வீட்டில் பெண்டாட்டிக்கு ஒரு சொல். அதற்கு அடுத்த வருஷம் இன்னொன்று தரித்தது. பீப்பாய்தான் போய்விட்டதே என்று அவர் நினைத்திருக்கலாம். உடம்புக்குள் போனது உருட்டிக்கொண்டு வெளியே போகாது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பையன். ஒரு பகல் இருந்தான். மண்டை முழுதாக மூடவில்லை, கன்னியாஸ்திரியே அவசரமாக ஞானஸ்நானம் கொடுத்தாள், மிக்கேல் என்று. தண்ணீர் ஊற்றித்தான் கொடுத்தாள். அவர் சுவரில் முட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்து இவள் கட்டிலருகே வந்து, கடவுள் சித்தம் அமலா என்றார். கடவுள் பேரைச் சொன்னார். எல்லாரையும் விட்டுவிட்டு அவரைச் சொன்னார்.

கம்பியைப் பிடித்திருந்த செலீனின் கை இறங்கி இவள் மணிக்கட்டின்மேல் படிந்தது. நீ தூங்கவே இல்லை, புரண்டுகொண்டே இருந்தாய் என்றாள். அமலோற்பவம் செம்பைக் கீழே வைத்தாள். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். இந்தப் பிள்ளையிடம் இத்தனை வருஷமாக என் பாவம் உன் காலில் விழுந்துவிட்டது என்று சொல்லி வளர்த்தது இவள்தானே. பத்து வயதில், ஏம்மா எனக்கு மட்டும் என்று கேட்டபோது, மாதாவுக்குக் கொடுத்த வாக்கை மீறியவள் நான் என்று கதையாகவே சொன்னாளே. மேலேயிருந்து ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு வந்த பொய்யை இவளும்தான் கீழே ஊற்றியிருக்கிறாள். இதையாவது எடுத்துவிட வேண்டும், பிள்ளை தலையிலிருந்து இதையாவது. அதனால் சொன்னாள். லூயி அண்ணன் பேசியது உன் காதில் விழுந்ததா, உள்ளே பாடம் சொல்லிக்கொண்டிருந்தாயே. என்மேல் ஒரு தப்பும் இல்லை செலீன், மாதா எதையும் எடுத்துக்கொள்ளவில்லை, அந்தத் தண்ணீர்தான், உன் பப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, அவர் இத்தனை நாளும். பாதியிலேயே செம்பைக் கையில் எடுத்துக்கொண்டாள். செலீன் திரும்பவில்லை. ஈரத்தலை குனிந்தே இருந்தது. திரும்பாத விதத்திலேயே இவளுக்கு எதுவோ புரிய ஆரம்பித்தது, காலடியில் மணல் அரித்துப் போகிற மாதிரி.

"எனக்குத் தெரியும்மா," என்றாள் செலீன். "பப்பா சொல்லியிருக்காரு."

வேளாங்கண்ணியில். பதினாறு வயதில். அமலோற்பவம் முழங்காலால் நடந்து முடித்து, மெழுகுவர்த்தி ஏற்றும் கூட்டத்தில் நின்றிருந்தபோது. கடலோரம் சக்கரநாற்காலிப் பக்கத்தில் மணலில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் சொல்லி அழுதாராம். அம்மாவிடம் சொல்லிவிடாதே என்று கையடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாராம். ஒவ்வொரு வருஷமும் இந்த வருஷம் சொல்லிவிட வேண்டும் என்று நினைப்பாளாம். நினைத்து நினைத்து விட்டுவிடுவாளாம். ஏன் என்று கேட்காமலே செலீன் சொன்னாள், சுவரைப் பார்த்தே சொன்னாள். "நீ அவரை விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயம். நீ ஒருத்தியா என்னைத் தூக்க முடியாது."

ஒரு செம்பு. இன்னொரு செம்பு. சீயக்காய் போகிற வரைக்கும் ஊற்றத்தான் வேண்டும். பதினாறிலிருந்து எத்தனை வேளாங்கண்ணி என்று மனசு எண்ணப் போயிற்று, எண்ணாதே என்று பிடித்து நிறுத்தினாள். அத்தனை தடவையும் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து இந்தப் பெண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மேலே குடையோடு ஒருவர், முன்னால் ஒருத்தி, நடுவில் மணலில் இவள். வீட்டில் மூன்று பேர், இரண்டு பேருக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில், செபமாலை சொல்லும்போது, இவள் எழுந்து தண்ணீர் எடுக்கப் போகிற நேரத்தில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்களோ. அப்படி இருக்காது. இருந்தால்தான் என்ன. செலீன்மேல் கோபம் வர வேண்டும் என்று தேடினாள். தூக்க முடியாது என்ற இடத்தில் தேடல் போய் நின்றுகொண்டது. உண்மைதானே. குளியலறைப் படி உயரம், கதவு குறுகல், நாற்காலி உள்ளே வராது. தினமும் இவர்கள் இருவரும் அவள் தொடைக்கு அடியில் கைகோத்து, ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துத்தான் தூக்குகிறார்கள். இன்று காலையிலும் அப்படித்தான் தூக்கி உள்ளே வைத்தார்கள். அவர் விரல் மணிக்கட்டில் இறுகியபோது இவளுக்கு உதறிவிடத் தோன்றியது, ஆனாலும் விடவில்லை, விட்டால் பிள்ளை விழும். பதினாறு வயதுப் பெண் அந்தக் கைகளின் கணக்கைப் போட்டிருக்கிறாள். போட்டு, அம்மாவின் முழங்கால்களை அதில் கழித்திருக்கிறாள். இந்தக் கணக்கைப் பிள்ளை போடும்படி யார் வைத்தார்கள்? போகட்டும். போகவில்லை. துண்டை எடுத்துத் தலையைத் துவட்டினாள், வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தித்தான் துவட்டினாள் போலிருக்கிறது, செலீன் அம்மா என்றாள். கையைத் தளர்த்தினாள். நைட்டியை மாட்டிவிட்டு, ஒவ்வொரு காலாகத் தூக்கி, விரலிடுக்கு விரலிடுக்காக ஈரம் ஒற்றினாள். தனக்கு உறைக்காத அந்தக் கால்களைச் செலீன் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையின் நுனி அவள் கையில் இருந்தது. எப்போது பிடித்தாளோ. அமலோற்பவம் அதை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வெளியே இருமல் கேட்டது. குளித்து முடிகிற நேரம் அவருக்குத் தெரியும், கூப்பிடும் முன்பே வந்து நடையில் நிற்பார். சக்கரநாற்காலியைக் கொண்டுவந்து, பூட்டைப் போட்டு, இருக்கையில் காய்ந்த துண்டை விரித்து வைத்துவிட்டு நிற்பார். கதவைத் திறந்தாள். நின்றிருந்தார். பனியனும் வேட்டியும், மழிக்காத வெள்ளைத் தாடி, ஒரே பொழுதில் கிழவனாகியிருந்தார். தூக்கலாமா என்று கேட்டார், தினமும் கேட்கிற அதே சொல். அமலோற்பவம் வாசலிலேயே நின்றாள்.

"அவங்ககிட்ட எல்லாம் சொன்னீங்களே. எங்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். பதில் சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் சொன்னார், வெகுகாலமாகத் தயாராக வைத்திருந்த பதில் மாதிரி சட்டென்று வந்தது.

"அவங்க வீட்டுல இன்னும் ஒண்ணும் ஆகல. சொன்னா தப்பிச்சுப்பாங்க. நீ... நீ ஏற்கெனவே குடிச்சிட்டிருந்தியே அமலா. கொண்டாந்து வச்சவன் நான்."

அது பொய்யில்லை. பொய்யாக இருந்தால் அடித்திருக்கலாம். நீ ஏற்கெனவே குடித்துவிட்டாய். அவ்வளவுதான் சங்கதி. குடிக்காதவளுக்கு எச்சரிக்கை, குடித்தவளுக்கு என்னத்தைச் சொல்ல. அந்த வெள்ளைக்காரர்களும் இப்படித்தான் நினைத்திருப்பார்கள், மேலே, மேசைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள், தெளித்தாயிற்று, இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது. மருந்து நின்றது, விமானம் நின்றது, சண்டையும் ஒரு நாள் நின்றது, சொல்வது மட்டும் நடக்கவில்லை. தன் பாரத்தைக் குறைக்கப் பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்ல முடிந்தது அவருக்கு. என்னிடம் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன்? கத்தியிருப்பேன். பீப்பாயைப் போட்டு உடைத்திருப்பேன். உங்களை அடித்திருப்பேன், அப்புறம் உங்கள் மடியிலேயே விழுந்து அழுதிருப்பேன், வேறு எங்கே போவேன். மிக்கேல் வயிற்றில் வந்திருக்க மாட்டான். மாதாவிடம் மன்னிப்புக் கேட்டிருக்க மாட்டேன், சண்டைக்குப் போயிருப்பேன், உலகத்தோடே சண்டைக்குப் போயிருப்பேன். இதில் ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை. அவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே ஒரு அடி வைத்தார், கைகோக்க வாகாகக் கையை நீட்டியபடி. அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் சோப்பு வாடை அடிக்கும் என்று தெரியும், கழுவாமல் மகளைத் தொட மாட்டார்.

அவரைத் தாண்டிக் கொல்லைப்பக்கம் போனாள். மதிலுக்கு அந்தப்பக்கம் பூங்காவனம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். பெரியாஸ்பத்திரியில் ஆயா வேலை, இரவு முறை முடித்து வந்திருப்பாள். எதற்கும் அவளைக் கூப்பிட்டது கிடையாது. பிள்ளையை வெளி ஆள் தொடக் கூடாது என்று ஒரு வீம்பு, அந்த வீம்பும் அவருடையதுதான், இவளுடையது என்று நினைத்திருந்தாள்.

"பூங்காவனம், கொஞ்சம் வந்துட்டுப் போறியா. செலீனைத் தூக்கணும்."

பூங்காவனம் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். எட்டி இந்தப்பக்கம் பார்த்தாள். நடையில் நிற்கிறவர் அவள் கண்ணில் படவில்லை.

"ஐயா இல்லீங்களாம்மா?"

"இருக்காரு," என்றாள் அமலோற்பவம்.

பூங்காவனம் கொல்லைக் கதவு வழியாக வந்து, செருப்பைக் கழற்றி, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குளியலறைக்குள் குனிந்தாள். செலீனைப் பார்த்து, கழுத்தைக் கட்டிக்கோ கண்ணு, பயப்படாதே என்றாள். செலீன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கையில் இருந்த முந்தானையை விட்டுவிட்டு, பூங்காவனத்தின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அமலோற்பவம் முழங்காலுக்கு அடியில் கை கொடுக்கப் போனாள், கொடுப்பதற்குள் பூங்காவனம் பாதி தூக்கிவிட்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் தினமும் செய்கிற வேலை. இம்மாந்தான் கனமா என்றாள், தனக்குத்தானே சொல்வது போல. இருவருமாகப் படியிறங்கினார்கள். நடையில் நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே அவர் கையை நீட்டியபடியே நின்றிருந்தார்.

"வழி விடுங்க," என்றாள் அமலோற்பவம்.

அவர் சுவரோடு ஒண்டினார். அவர்கள் கடந்து போனார்கள்.